எழுத்தைச் சொல்லித்தர முடியுமா?

கதை எழுதுவது பிறவியிலேயே வர வேண்டும், வகுப்பில் உட்கார்ந்து வராது என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், எழுத்தைக் கற்பிப்பதற்கென்றே பேர் பெற்ற அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறையும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. எழுத்தைக் கற்பிக்க முடியாது என்பதைப் பாதி ஒப்புக்கொண்டு, இருக்கும் திறமையை வளர்க்கலாம் என்ற நம்பிக்கையில் அது நடக்கிறது.

அங்கே 1897லேயே செய்யுள் எழுதும் வகுப்பு ஒன்று இருந்தது. ஆனால் பெரிய திருப்பம் 1922ல்தான். ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கதை, கவிதைகளைக் கொடுத்தும் மேல்பட்டம் வாங்கலாம் என்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1936ல் வில்பர் ஷ்ராம் தலைமையில் பட்டறை தொடங்கியது. 1941ல் பொறுப்பேற்று அதை உலகறியச் செய்தவர் பால் எங்கிள். ஜார்ஜியாவிலிருந்து வந்த ஃபிளானரி ஓ'கானரின் பேச்சு புரியாமல், சொல்ல வந்ததை எழுதிக் காட்டும்படி கேட்டாராம் எங்கிள்! (1967ல் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குத்தான் அசோகமித்திரன் போனார். 'ஒற்றன்' அந்த அனுபவத்தில் எழுதிய நாவல்.)

பட்டறையின் முறை எளிது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துவிட்டு வந்து அலசுவார்கள். எழுதியவர் அதுவரை வாய் திறக்கக்கூடாது. இதற்கான காரணமும் நியாயமானதே. புத்தகம் அச்சான பிறகு ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் போய் நின்று விளக்கம் சொல்ல முடியாதே. ஆனால் சுற்றி இருப்பவர்களுக்கு எழுதுபவரின் வாழ்க்கையே தெரியாது என்றால்?

சிகாகோவில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் வளர்ந்த சான்ட்ரா சிஸ்னெரோஸ் 1970களின் பிற்பகுதியில் அங்கே படித்தார். ஒரு வகுப்பில், பிரெஞ்சு தத்துவவாதி பாஷ்லாரின் நூலை வைத்து 'வீடு' பற்றி விவாதம் நடந்தது. மற்றவர்கள் பேசிய வீடும் அவர் வளர்ந்த வீடும் ஒன்றல்ல. முதலில் கூச்சம், பிறகு கோபம். இந்த வகுப்பில் வேறு யாராலும் எழுத முடியாததை எழுதுவது என்று முடிவு செய்தார். அப்படித் தொடங்கியதுதான் 1984ல் வெளிவந்த 'த ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்'. இதைப் பட்டறையின் வெற்றிக் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் அதிகம்தான். அவர் எழுதியது வகுப்பு தந்த ஊக்கத்தால் அல்ல, அந்த வகுப்பை எதிர்த்து.

2021ல் மாத்யூ சலேசஸ் எழுதிய 'கிராஃப்ட் இன் த ரியல் வேர்ல்ட்' நூல் அந்த மௌன விதியையே கேள்வி கேட்டது. எழுதியவர் வாய்மூடி இருப்பதற்குப் பதிலாக, தனக்கு எதில் உதவி வேண்டும் என்று அவரே வகுப்பிடம் கேட்கும் முறைகளை அது முன்வைக்கிறது.