பந்தலூர்: தங்கத்தை விட ஷேர் அதிகம் விற்ற ஊர்

தங்கச் சுரங்கம் என்றாலே எல்லோருக்கும் கோலார்தான் ஞாபகம் வரும். ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு தங்க வேட்டை நடந்து, ஒரு ஊரே முளைத்து, சில வருடங்களில் அடங்கியும் போயிருக்கிறது. இடம்: நீலகிரி மாவட்டம், கூடலூர் பக்கத்தில் உள்ள பந்தலூரும் தேவாலாவும். (நம்ம கடலூர் இல்லைங்க! கடலூருக்கும் ஒரு காலத்தில் கூடலூர் என்றுதான் பெயர், அதனால் குழப்பம் வேண்டாம்.)

அந்தப் பகுதியில் பணியர், குறும்பர் போன்ற பழங்குடி மக்கள் ஆற்று மணலை அலசித் தங்கப் பொடி எடுத்து வந்தார்கள். 1874ல் ஆல்ஃபா என்ற கம்பெனி சுரங்கத்தில் இறங்கியது. பெரிய லாபம் இல்லை.

அதே சமயம் அங்கிருந்த வெள்ளைக்கார காபித் தோட்ட முதலாளிகள், செடிகளில் நோய் விழுந்து நஷ்டத்தில் இருந்தார்கள். 1879ல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரவ் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அரசாங்கம் வரவழைத்தது. 1880ல் வந்த அவருடைய அறிக்கை நம்பிக்கையாகப் பேசியது. அவ்வளவுதான், லண்டனில் பைத்தியம் பிடித்துவிட்டது!

இரண்டே வருடத்தில் ஏராளமான கம்பெனிகள். மொத்த மூலதனம் 40 லட்சம் பவுண்டுக்கும் மேல். பந்தலூரில் பங்களாக்கள், ஹோட்டல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் வந்தன.

பணம் எங்கே போனது? இதுதான் காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஷேர் வாங்கியவர்கள் கொடுத்த பணத்தில் பெரும் பகுதி, நிலம் விற்ற தோட்டக்காரர்களுக்கும் கம்பெனியை ஆரம்பித்த புரமோட்டர்களுக்கும் போய்விட்டது. சுரங்கம் வெட்ட மிஞ்சியது கொஞ்சம்தான். மெஷின் வந்து பாறையை இடித்துப் பார்த்தால், ஒரு டன்னுக்கு சில கிராம் தங்கம்தான் தேறியது. செலவுக்கே கட்டவில்லை. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின.

கோலாரில் மைசூர் கம்பெனியும் 1880ல்தான் ஆரம்பித்தது. முதலில் அதுவும் தடுமாறியது. ஆனால் அங்கே வளமான படிவம் கிடைத்தது, 2001 வரை சுரங்கம் ஓடியது. தங்கம் இருப்பது வேறு, லாபம் தரும் அளவுக்கு இருப்பது வேறு.

இன்று பந்தலூர் என்றால் தேயிலை. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1968ல் அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்களும் அந்தப் பகுதியில் உண்டு. பழைய சுரங்கக் குழிகள் மட்டும் தேவாலா காடுகளில் அப்படியே கிடக்கின்றன. அனுமதியில்லாமல் உள்ளே இறங்கி மண் சரிந்து இறந்தவர்களும் இருக்கிறார்கள். லண்டன் முதலீட்டாளர் இழந்தது பணம். இவர்கள் இழந்தது உயிர்.