கடன் யாருக்குக் குறைந்தது? ஒரு கேள்வி பிறந்த கதை

1945-இல் சென்னை மாகாண அரசு பொருளியல் அறிஞர் பி. வி. நாராயணசாமி நாயுடுவிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. கிராமங்களில் கடன் எவ்வளவு இருக்கிறது, போருக்கு முன்பு இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று அவர் கண்டு சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. 1939-இல் சுமார் 272 கோடி ரூபாயாக இருந்த கடன் 1945-இல் 218 கோடிக்கு இறங்கியிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்த ஒரு வரியே போதும் என்று எந்த அரசும் திருப்திப்பட்டிருக்கும்.

நாயுடு அதோடு விடவில்லை. பெரிய நிலக்காரர், நடுத்தர நிலக்காரர், சிறு நிலக்காரர், குத்தகைதாரர், நிலமே இல்லாத கூலியாள் என்று ஊரை ஐந்தாகப் பிரித்து மறுபடியும் கணக்குப் பார்த்தார். கடன் பெருமளவு குறைந்தது மேல்தட்டில். கீழே இறங்க இறங்க அந்தக் குறைவு தேய்ந்துகொண்டே வந்தது. கடைசித் தட்டில் இருந்த கூலியாளின் கடனோ கூடியிருந்தது. 272, 218 என்ற இரண்டு எண்களுக்குள் இத்தனையும் ஒளிந்து கிடந்தன.

‘மொத்தத்தில் குறைந்ததா?’ என்ற இடத்தில் ‘யாருக்குக் குறைந்தது?’ என்று கேட்கும் பழக்கம் தமிழ்நாட்டில் எப்படி வேர்விட்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதன் தொடக்கத்தைத் தேடினால் சென்னையை அடுத்த பட்டாபிராமுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பட்டாபிராமிலிருந்து திருவள்ளூர் போகும் ரயிலில் நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டினால் செவ்வாப்பேட்டை ரோடு. அந்தப் பக்கத்து ஊர்தான் திரூர். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த கையோடு, நாட்டிலேயே முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று சொல்லப்படும் சங்கம் அங்கே பதிவானது. அன்று அது செங்கல்பட்டு மாவட்டம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஃபிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பியக் கூட்டுறவு வங்கிகளை ஆராய்ந்து சென்னை அரசுக்கு நீண்ட அறிக்கை எழுதியிருந்தார். வட்டிக்காரரை விட்டால் வேறு கதியில்லாத குடியானவனுக்கு ஊராரே சேர்ந்து கடன் கொடுக்கட்டும் என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் அடமானம் வைக்க நிலமோ, ஜாமீன் நிற்க ஆளோ இல்லாதவன் சங்கத்தின் படியேற முடியாது. பின்னால் வந்த எல்லாத் திட்டங்களிலும் இந்த முதல் வாசற்படி அப்படியே நின்றது.

பிறகு 1929 வந்தது. நியூயார்க்கில் பங்குச் சந்தை சரிந்தது. சில ஆண்டுகளுக்குள் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழ பாதிக்கு வந்துவிட்டது. நிலக்கிஸ்தி குறையவில்லை. புரோநோட்டில் எழுதிய தொகையும் குறையவில்லை. பத்து மூட்டை நெல்லை விற்று அடைத்திருக்கக்கூடிய கடனுக்கு இப்போது இருபது மூட்டை வேண்டும். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நிர்ணயத்தை விட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. கழுத்திலும் காதிலும் இருந்தது கடைக்குப் போய், அங்கிருந்து கப்பலேறியது. பர்மாவில் கடன் கொடுத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குப் பணம் திரும்பவில்லை. நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1937 வாக்கில் கால்வாசி நிலம் அவர்களிடம் இருந்தது. கடனாளி அழிந்தான், கடன் கொடுத்தவனும் மாட்டிக்கொண்டான்.

மாகாணத்தின் விவசாயக் கடன் 150 கோடி என்று 1930-இல் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டிருந்தது. 1935-இல் டபிள்யூ. ஆர். எஸ். சத்தியநாதன் தந்த அறிக்கை அதை 200 கோடி என்றது. 1937 ஜூலையில் ராஜாஜி பிரதமரானபோது (அன்று மாகாண முதல்வருக்கு அதுதான் பதவிப் பெயர்) இந்தச் சுமை அவர் மேசைமீது இருந்தது. 1938 மார்ச்சில் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அமலுக்கு வந்தது.

துணிச்சலான சட்டம்தான். 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கணக்கு. 1932 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டிதான் கணக்கில் வரும். கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். டெல்லியில் கூட்டாட்சி நீதிமன்றம் வரை வழக்கு நடந்து, 1940-இல் சட்டம் நிலைத்தது. வேறு சொத்தில்லாத பெண் ஒருத்திக்கு வரவேண்டிய பணம் 3,000 ரூபாய் அசலுக்கு மேற்படாமல் இருந்தால், அந்தக் கடனில் கைவைக்கக் கூடாது என்றும் சட்டத்தில் எழுதியிருந்தார்கள். நகையை விற்று வட்டிக்கு விட்டு வயிறு கழுவிய விதவைகளை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த ஒரு பிரிவுக்காகவே அந்தச் சட்டத்தை எழுதியவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், ‘விவசாயி’ யார் என்று சொல்லும் இடத்தில், பழைய வாசற்படி மறுபடியும் வருகிறது. அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி நிலத்தில் விற்கத்தக்க உரிமை உள்ளவர் விவசாயி. ஜமீன் நிலத்துக் குடிகளுக்கும் இடம் இருந்தது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ நூறு ரூபாய் வாங்கிவிட்டு, அதற்கு ஈடாக ஆயுள் முழுக்க உழைத்த பண்ணையாளுக்கு விற்கத்தக்க உரிமை ஏது? ஏர் பிடித்தவன் அவன். சட்டத்தின் கண்ணில் அவன் விவசாயி இல்லை.

இது இங்கே மட்டும் நடந்ததும் அல்ல. அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு 1933-இல் பருத்திச் சாகுபடியைக் குறைத்தால் பணம் என்றது. பணம் முதலில் நிலச் சொந்தக்காரர் கைக்குப் போனது. தரிசு போட்ட நிலத்தில் வாரத்துக்கு உழைத்தவர்கள் பலர் வெளியேற்றப்பட்டார்கள். மறு ஆண்டே ஆர்கன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பருத்தி விலை ஏறியது என்று அங்கேயும் கணக்குச் சொல்ல முடிந்தது.

நம் ஊரில் பலன் யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, என்ன கடன் என்று எழுதிவரச் செய்தார். 1918-இல் அது புத்தகமாக வந்தது. பெருமந்தம் ஓய்ந்துவந்த 1936-37-இல், அவருக்குப் பின் வந்த பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடியும் போனார்கள். விழுப்புரத்துப் பக்கம் உள்ள இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. அந்த ஊருக்குப் பின்னாலும் ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்திருக்கிறார்கள். ஒரு திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரே தெருவில் போய்க் கேட்டால்தான் அது என்ன செய்தது என்று தெரியும். செக்ரடேரியட்டில் உட்கார்ந்து பார்க்கும் மாகாண மொத்தத்தில் தெரியாது.

நாயுடு இந்த மண்ணில் வளர்ந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, சட்டம் வந்து ஓராண்டு கழிந்த 1939-இலேயே பி. வைத்தியநாதனோடு சேர்ந்து அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1946 அறிக்கையின் ஐந்து தட்டுகள் திடீரென்று முளைத்தவை அல்ல. அந்த அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1939-க்கும் 1945-க்கும் இடையில் கடன் குறைந்ததற்குப் பெரிய காரணம் யுத்தகால விலையேற்றம். விற்க நெல் வைத்திருந்தவன் கடனை அடைத்தான். அரிசியைக் காசு கொடுத்து வாங்கியவன் கடன்பட்டான். சட்டத்தின் பலனையும் யுத்தத்தின் பலனையும் பிரித்து எடை போடுவது எளிதல்ல. ஆனால் இரண்டுமே நிலமுள்ளவன் பக்கம் சாய்ந்தன என்பது தெளிவு.

இப்போதைக்கு வருகிறேன். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. கொரோனாவிலும் புயல், மழையிலும் அடிபட்ட குடும்பங்களுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பயிர்க்கடன் வாங்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவரின் கடன் கைமாத்திலும் தண்டல்காரரிடமும் நகைக்கடையிலும் இருந்தது. அந்த 16.43 லட்சத்தை ஐந்தாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டால், கடைசி இரண்டு கட்டங்களில் என்ன எழுதுவது?

பட்டாபிராமிலும் போட வேண்டிய அட்டவணை ஒன்று உண்டு. 2024 நவம்பரில் இங்கே 330 கோடி ரூபாய் செலவில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வேலைவாய்ப்பு எத்தனை ஆயிரம் என்று அரசு மொத்தக் கணக்கைச் சொல்லும். அதில் கம்பெனியின் நேரடிச் சம்பளத்தில் எத்தனை பேர், கான்ட்ராக்டில் துப்புரவுக்கும் காவலுக்கும் வந்தவர் எத்தனை பேர், அவர்களில் சுற்றுவட்டாரத்துக்காரர் எத்தனை பேர், வீட்டு வாடகை ஏறியதால் திருநின்றவூருக்கு அப்பால் குடிபோனவர் எத்தனை பேர் என்று தெருத்தெருவாகக் கேட்டு எழுத வேண்டும். பக்கத்தில் இந்துக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஸ்லேட்டரின் மாணவர்களைப் போல இந்த ஆண்டே ஒரு நோட்டோடு கிளம்பலாம்; பத்து வருஷம் கழித்து அடுத்த வகுப்பு அதே தெருக்களுக்குத் திரும்பப் போகலாம்.