கெய்ரோ நகரின் பழந்தெரு

வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அமைதியை எதிர்பார்த்தே செல்வர். எகிப்தின் தலைநகராகிய கெய்ரோ அவ்வெதிர்பார்ப்பை முதற்கணத்திலேயே பொய்ப்பித்துவிடும். அதன் பழைய நகர்ப்பகுதியில் மக்கள் நெருக்கமும், சுமைகாரர் வழிவிடக் கூவும் ஓசையும், வணிகர் விலைகூறும் குரலும் ஓயா. இவ்விரைச்சல் சின்னங்களின் பெருமையைக் குலைக்கின்றதெனப் பலர் குறைகூறுவர். அந்நகரின் வரலாற்றை ஆராயின் இக்கூற்றுப் பொருந்தாமை புலனாகும்.

கி. பி. 969இல் பாத்திமியப் படைத்தலைவன் ஜௌஹர் எகிப்தைக் கைப்பற்றி இந்நகருக்கு அடிகோலினான். கலீபா முயிஸின் பெயர் தாங்கிய நெடுந்தெரு, வடக்கே 1087இல் எழுந்த பாபுல் புதூஹ் வாயிலிலிருந்து தெற்கே 1092இல் எழுந்த பாபு சுவைலா வாயில்வரை ஏறக்குறைய ஒரு மைல் நீளமுடையது. ஆதியில் இந்நகர் கலீபாவுக்கும் அவர்தம் பரிவாரத்துக்குமே உரியதாயிருந்தது. பொதுமக்கள் தெற்கேயுள்ள புஸ்தாத் நகரில் வாழ்ந்தனர். 1171இல் சலாகுத்தீன் பாத்திமிய ஆட்சிக்கு முடிவுகட்டிய பின்னர், அரண்மனைகள் நின்ற நிலத்திற் குடிகளும் கடைகளும் பெருகின. எனவே, இன்று நாம் காணும் நெரிசல் அரசர் நகர் மக்கள் நகராக மாறியதன் அடையாளமாகும்.

தெருவின் நடுவே, மம்லூக் சுல்தான் கலாவுன் 1284—1285இல் எழுப்பிய கல்லறையும் கல்லூரியும் வைத்தியசாலையும் ஒருங்கமைந்த கட்டடத்தொகுதி உள்ளது. ஈழத்து மாணவர்க்கு இம்மன்னன் முற்றும் அந்நியனல்லன். யாப்பகூவாவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு, முத்தும் மணியும் யானையும் கறுவாவும் தன்னாட்டில் உளவெனக் கூறி, வணிக உறவை நாடி 1283இல் தூதுவரை அனுப்பியது இவனுடைய அவைக்கேயாம்.

இத்தகைய அறநிலையங்கள் வக்பு எனப்படும் அறக்கட்டளைகளால் நிலைபெற்றன. கடைகள், சத்திரங்கள், விளைநிலங்கள் முதலியவற்றின் வருவாய் பள்ளிவாசலுக்கும் கல்லூரிக்கும் வைத்தியசாலைக்கும் உரித்தாக்கப்பட்டது. பாபு சுவைலாவுக்கு வெளியே, 1160இல் அமைந்த சாலிஹ் தலாயி பள்ளிவாசல் கடைவரிசையொன்றின் மேலேயே கட்டப்பட்டது. காலப்போக்கிற் தெரு உயர்ந்தமையால் அக்கடைகள் இன்று தரைமட்டத்தின் கீழுள்ளன. வணிகம் சின்னத்தை மறைக்கவந்த பகையன்று. அதனைத் தாங்கிய தூணெனலே தகும்.

அரசரோ நிலைத்திலர். சுல்தான் கூரி தெருவின் இருமருங்கும் அழகிய மாளிகைகள் அமைத்தான். 1516இல் துருக்கியரோடு பொருது மாண்ட அவன், தனக்கெனக் கட்டிய கல்லறையில் அடக்கம்பெறவில்லை. அவனுக்குப்பின் வந்த தூமான்பாய் 1517இல் பாபு சுவைலா வாயிலிலே தூக்கிலிடப்பட்டான். சந்தையோ இன்றும் நடைபெறுகின்றது.

1979இல் யுனெஸ்கோ இப்பழநகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1992ஆம் ஆண்டு நிலநடுக்கம் பல கட்டடங்களைச் சிதைத்தது. அதன்பின் திருத்தவேலைகள் பெருகின. கல்லைக் காப்பது கடனே. ஆயின், காப்பதன் பொருட்டு அங்கு வாழ்வோரையும் தொழில் செய்வோரையும் அகற்றிவிடின், எஞ்சுவது உயிர்நீங்கிய உடலே. நெரிசலை வெறுத்து விரைந்து திரும்பும் பயணி கட்டடங்களை மட்டும் கண்டவனாவான். அதனூடே பொறுமையுடன் நடப்பவனே வரலாற்றைக் கண்டவனாவான்.