ஆய்வகம் எத்தனை மணிக்குத் திறக்கும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ராத்திரி கடத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள். மகள் பாஸ், இயற்பியலில் நல்ல மார்க். அதுதான் பிரச்சினை. "பிசிக்ஸ்தான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. நீதான் இன்ஜினியர் ஆச்சே, ரெண்டு வார்த்தை சொல்லு. அதப் படிச்சு என்னத்த பண்றது?" என்றாள். உடனே போன் கைமாறியது. "மாமா, அதெல்லாம் விடுங்க. தர்மபுரியா, சேலமா, மெட்ராஸா? எந்த காலேஜ்னு மட்டும் சொல்லுங்க."

இருவருக்கும் சேர்த்து "பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை. பதினேழு வயதில் எனக்கும் இயற்பியல்தான் பிடித்திருந்தது. கவுன்சிலிங்கில் இடம் கிடைத்தது, பொறியியலுக்குப் போய்விட்டேன். முதல் வருடத்தில் படித்ததோடு இயற்பியல் எனக்கு முடிந்துபோனது. இப்போது அடுத்தவர்கள் எழுதிய நிரலில் பிழை தேடிச் சம்பாதிக்கிறேன். குறையொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வியை அந்த வயதில் நான் யாரிடமும் கேட்கவில்லை என்பது மட்டும் உறுத்தியது. அதனால் ஏற்கெனவே இந்த வழியில் போனவர்கள் எப்படிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

முதலில் ராமன். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 14. அப்பா விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். எந்தக் கல்லூரி நல்லது என்று அந்த வீட்டில் யாரும் போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. 1904இல் பி.ஏ., இயற்பியலில் தங்கப் பதக்கம். எம்.ஏ. படிக்கும்போது பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆய்வகத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அங்கே நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோதுதான், விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததை ராமன் கவனித்தார். எழுதி ஜோன்ஸிடம் கொடுத்தார். மாதங்கள் போயும் பதில் இல்லை. தானே லண்டனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் அது வெளிவந்தது.

ஜோன்ஸ் அந்தக் கட்டுரைக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஆய்வகத்தைப் பூட்டி வைக்கவும் இல்லை. அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அதே 1906இல் எங்கள் பக்கத்தில் வேறொன்று நடந்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய ரயில் பாதை திறந்தார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவருவதற்காகப் போட்ட பாதை அது. மொரப்பூர், பொம்மிடி வழியாகச் சேலத்துக்குப் போகும் பெரிய பாதை 1860களிலேயே வந்துவிட்டது. ஆக, கடத்தூர்ப் பையன் ஒருவனுக்கு ரயில் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அதில் ஏறி எங்கே போவது? சேலம் கல்லூரி அப்போது இரண்டாம் நிலைக் கல்லூரி. பட்டம் வேண்டுமானால் சென்னைக்கோ திருச்சிக்கோ போய்த் தங்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், அந்த ஊரில் ஒரு சொந்தக்காரர் வேண்டும். சோற்றுக்கே ரயில் போட வேண்டியிருந்த சீமையில் அந்த இரண்டும் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்?

*

கே.எஸ். கிருஷ்ணனின் கதை நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். கடத்தூர் மாதிரியே மலையோரத்துச் சின்ன ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, அப்புறம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர், அதற்கடுத்த நகரம் என்று படிப்படியாகப் போயிருக்கிறார்.

படித்து முடித்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை உதவியாளர் வேலை. அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களை உட்காரவைத்து அறிவியல் பேசுவார். பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு. பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தெல்லாம் பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள். பின்னாளில் கல்கத்தா போய் ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலைக் கண்டவர் இவர்தான். 1928இல் 'நேச்சர்' இதழில் வந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருக்கிறது.

அந்த மதிய நேரத்தைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் அது வராது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

*

அக்கா மகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அன்னா மாணியுடையது. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டில் வைரத் தோடு தர, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்ட பெண். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ். 1940இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராமனின் ஆய்வகம். வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிர்வைப் பற்றித் தனியாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1945இல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்.

பட்டம் தரவில்லை. முதுகலை இல்லை என்பது காரணம். ஆய்வு செய்ய ஆனர்ஸ் போதும் என்று ஓரிடத்தில் சேர்த்துக்கொண்டார்கள், பட்டம் தர அது போதாது என்று இன்னோரிடத்தில் சொன்னார்கள். அவர் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்து, 1948இல் திரும்பி வந்து இந்திய வானிலைத் துறையில் பெரிய பொறுப்புகள் வகித்தார். கடைசிவரை அவர் டாக்டர் மாணி ஆகவில்லை.

பிடித்ததைப் படி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறவர்களுக்கும் இந்தக் கதை ஆகும். காகிதமும் முக்கியம். இந்தப் பட்டத்துக்கு அப்புறம் எந்தப் படிக்கு ஏற விடுவார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

*

"அதப் படிச்சு என்னத்த பண்றது?" என்ற அக்காவின் கேள்விக்குத் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இரண்டு பதில்கள் கிடைத்தன. ஜி.என். ராமச்சந்திரன் அங்கே 1942இல் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, பெங்களூரில் மின்பொறியியலில் சேர்ந்து, மனம் ஒட்டாமல் ராமனிடம் இயற்பியலுக்கே திரும்பினார். கொலாஜனின் கட்டமைப்பு நமக்கு அப்படித்தான் கிடைத்தது. அதே கல்லூரியில் 1954இல் இயற்பியல் முடித்த அப்துல் கலாம், தனக்கானது பொறியியல்தான் என்று தாமதமாக உணர்ந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார். கட்டணத்துக்கு அவருடைய அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஒரே கல்லூரியிலிருந்து இருவரும் எதிரெதிர்த் திசையில் போயிருக்கிறார்கள். முதலில் எடுத்த படிப்பு இருவரையும் கட்டிப்போடவில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அடகு விஷயம் மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. "எங்கிட்ட அவ்வளவு நகை இல்லடா" என்றாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

*

1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானது. தர்மபுரி அரசு கலைக் கல்லூரியும் 1960களில் வந்ததுதான். 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் சேலத்தில் வந்தது. அதுவரை நம் பக்கத்துப் பட்டங்களெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022இலிருந்து மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கல்லூரி மெல்ல மெல்லக் கடத்தூரை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. அக்கா மகள் எங்கே சேர்வது என்று கேட்கிறாள் என்றால், அந்தத் தூரம் குறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். எங்கள் பாட்டிக்கு அந்தக் கேள்வியே இருந்திருக்காது.

அதனால் கல்லூரிப் பெயர் எதையும் நான் சொல்லவில்லை. விண்ணப்பம் போடும் முன் நேரில் போ, விழா நாளில் போகாதே, சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் போ என்றேன். மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். ஆய்வகம் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? போன மூன்று வருடங்களில் இங்கே முடித்தவர்கள் எம்.எஸ்ஸி.க்கு எங்கே போனார்கள், ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வு யாராவது எழுதினார்களா?

ஜூன் திறந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு இரண்டு கல்லூரிகளுக்குப் போனாள். ஓரிடத்தில் ஆய்வகம் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னோரிடத்தில் ஒரு அம்மா தரையைக் கூட்டிக்கொண்டிருக்க, ஆசிரியை ஒருவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாராம்.

சாயங்காலம் வாட்ஸப்பில் குரல் பதிவு வந்தது. பின்னணியில் பஸ் இரைச்சல்.

"மாமா, அங்க ஸ்பெக்ட்ரோமீட்டர் பழசுதான். ஆனா மேல தூசி இல்ல. நான் தொட்டுப் பாத்தேன். அந்த மிஸ் ஒண்ணும் சொல்லல."

அந்தக் கல்லூரியைத்தான் முதல் விருப்பமாகப் போட்டிருக்கிறாள்.