தும்மலுக்கு விடை ஆய்வக அறிக்கையிலா?

தொடர்ந்து தும்முபவர், பல பொருள்களுக்கு ஒரே நேரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு மருத்துவரிடம் வருவது இன்று வழக்கமாகிவிட்டது. அறிக்கையில் பால், கோதுமை, கத்தரிக்காய் என்று குறித்திருந்தால் அன்றே அவை உணவிலிருந்து விலகுகின்றன. தும்மல் மட்டும் விலகுவதில்லை. பரிசோதனையை நோயின் இடத்தில் வைப்பதே இதற்குக் காரணம்.

மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, 1873இல் வெளியிட்ட நூலில் வேறு வரிசையைக் காட்டினார். ஆண்டுதோறும் தம்மை வருத்திய தும்மலை முதலில் கவனித்தார். பிறகே தோலைக் கீறிப் புல் மகரந்தத்தை வைத்துச் சோதித்தார். அறிகுறி முன், சோதனை பின்.

இன்றைய தோல் குத்துச் சோதனையும் அதன் வழிவந்ததே. ஒரு பொருளை இட்டுக் குத்திய இடம், 15–20 நிமிடங்களில், வெறும் கரைசல் இட்ட இடத்தைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் பெரிதாகத் தடித்தால், அப்பொருளுக்கு எதிராக உடலில் ஐ.ஜி.இ. எதிர்ப்பொருள் உண்டு என்று கொள்கிறோம். ஆனால் அந்த எதிர்ப்பொருள் இருந்தும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் ஏராளம். ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகை எதிர்ப்பொருளைத் தேடும் உணவுச் சோதனையோ இன்னும் பலவீனமானது. அந்த உணவை உண்டு பழகியதை மட்டுமே அது பெரும்பாலும் காட்டும்.

எனவே கேள்விகளே முதற்கருவி. படுக்கையைத் தட்டும்போதும் விடியற்காலையிலும் தும்மல் மிகுந்தால், மெத்தையில் வாழும் தூசி உண்ணியை ஐயுறலாம். கண் அரிப்பு கூடவே இருந்தால் ஒவ்வாமைக்கான வாய்ப்பு வலுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மூக்கடைத்து இரத்தம் கசிந்தால் ஒவ்வாமை என்று ஒதுக்காமல், உள்நோக்கிக் கருவியால் உடனே பார்க்க வேண்டும்.

மூக்குக்கான மருந்து காதுக்கும் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது; காதின் கதை வேறு. குழந்தையின் நடுச்செவியில் தேங்கிய நீரைப் போக்க ஒவ்வாமை மாத்திரையோ மூக்கு ஸ்டீராய்டோ தர வேண்டாம் என்கிறது 2016இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்.

மூக்கு ஒவ்வாமைக்கு, குறிப்பாக விடாத மூக்கடைப்புக்கு, மிகப் பயனுள்ள மருந்து ஸ்டீராய்டு ஸ்ப்ரே. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம்; இரண்டு நாளில் நிறுத்துபவர்களே அதை வீண் என்கிறார்கள். மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் வெளிப்புறமாக அடித்தால் இரத்தக் கசிவு குறையும். உடனே அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தோ, நாள்கணக்கில் தொடர்ந்தால் தானே அடைப்பை உண்டாக்கும்.

சோதனை இன்றியமையாததாகும் இடம், ஒவ்வாத பொருளையே அளவாகத் தந்து உடலைப் பழக்கும் தடுப்பாற்றல் சிகிச்சை. லண்டனில் லெனார்டு நூன் 1911இல் புல் மகரந்தச் சாறு கொண்டு தொடங்கிய அம்முறை, இன்று ஊசியாகவும் நாக்கடி மருந்தாகவும் தரப்படுகிறது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீளும் இச்சிகிச்சைக்குச் சரியான பொருளைத் தேர்ந்தாக வேண்டும். நோயாளி சொன்னதும் தோல் காட்டியதும் ஒத்துப்போனால்தான் அந்தத் தேர்வைச் செய்ய முடியும்.