இரண்டாம் உலகப் போரும் ஊவாவும்

இரண்டாம் உலகப் போர் (1939–1945): செப்டம்பர் 1, 1939 அன்று ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்ததால் மூண்ட போர். பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த இலங்கையும் அதில் இழுக்கப்பட்டது.

தியத்தலாவை முகாம்: ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்திலுள்ள தியத்தலாவையில், 1900-இல் தென்னாப்பிரிக்காவின் போயர் போர்க் கைதிகள் வைக்கப்பட்டிருந்தனர். 1939-இல் இலங்கையிலிருந்த ஜெர்மானியர்கள் அங்கே அடைக்கப்பட்டனர். அவர்களுள் பௌத்த துறவியரான ஞானதிலோகரும் ஞானபோனிகரும் அடங்குவர். பின்னர் இருவரும் இந்தியாவின் டேராடூன் முகாமுக்கு மாற்றப்பட்டனர்.

தோட்டங்கள்: 1942-இல் மலாயாவும் பர்மாவும் ஜப்பான் வசமாயின. இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றுபோக, உணவுப் பங்கீடு இறுகியது. ஏப்ரல் 5-இல் கொழும்பும் 9-இல் திருகோணமலையும் ஜப்பானின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. மலாயா கைவிட்டுப் போனதால் நேச நாடுகள் இலங்கை ரப்பரையே பெரிதும் நம்பின. மரங்கள் பட்டுப்போகும் அளவுக்குப் பால் வெட்டப்பட்டது. அந்த உழைப்பைத் தந்தவர்களுள் பெரும் பகுதியினர் மலையகத் தமிழர் எனப்படும் இந்திய வம்சாவளித் தமிழர்.

பின்விளைவு: 1947 தேர்தலில் அவர்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸின் 7 உறுப்பினர்கள் நாடாளுமன்றம் சென்றனர், பதுளையில் எஸ். எம். சுப்பையா வென்றார். ஆனால் 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது; அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. போர்க்காலத்தில் நாட்டைத் தாங்கிய கைகளுக்குக் கிடைத்த இந்தப் பெரும் அநீதியைச் சேர்க்காமல் இலங்கையின் போர் வரலாறு நிறைவு பெறாது.