பருத்திக்கு ஒரு டெட்லைன்

ஏரியூர்ல எங்க பெரியப்பா தோட்டத்துலேர்ந்து கொஞ்ச தூரம் போனா நாகமரை, மேட்டூர் அணைத் தண்ணி கண்ணுக்கெட்டின வரைக்கும் நிக்கும். ஆனா 1934-ல் கட்டி முடிச்ச அந்த அணை டெல்டாவுக்கானது. பெரியப்பாவுக்குக் கிணறுதான். இதை மனசுல வெச்சுக்கங்க.

நம்ம பழைய பருத்தி கருங்கண்ணி. கரிசல் மண், மானாவாரி. 1900-களின் தொடக்கத்தில் வந்த கம்போடியா பருத்தி வேற ரகம். தண்ணி பாய்ச்சினா நல்லா காய்க்கும், இழையும் நீளம். கோயம்புத்தூர் பக்கம் கவலை இறைச்ச தோட்டங்களில் அது வேகமாகப் பரவியது.

அப்புறம்தான் சிக்கல். காய் எடுத்த செடியைப் பிடுங்காம, மறுபடி துளிர்க்கட்டும்னு விட்டாங்க. தண்டுக்கூன்வண்டும் காய்ப்புழுவும் அதிலேயே தங்கி அடுத்த பயிருக்குத் தாவின. 1919-ல் சென்னை மாகாணம் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் போட்டது. குறிப்பிட்ட தேதிக்குள் பழைய செடியைப் பிடுங்கணும். நம்ம புரொடக்ட் மேனேஜர் டெட்லைன் எல்லாம் இதுக்கு முன்னாடி சும்மா!

விதைப்புக்கும் தேதி உண்டு. சேலம், தருமபுரி, கோவை பக்கம் குளிர்கால இறவைப் பருத்திக்கு ஆகஸ்ட், செப்டம்பர். ஏன்? ரொம்ப முன்னாடி போட்டா, காய் வெடிக்கிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடிச்சுக்கும். பஞ்சு நனைஞ்சு கறை ஏறும். ரொம்பத் தள்ளிப் போட்டா, பூச்சி பெருகின நேரத்தில் செடி இளசா மாட்டும்.

உரமும் இதோட சேர்ந்ததுதான். 1968-ல் கோவையிலிருந்து வந்த எம்.சி.யு. 5 ரகத்துக்கு ஹெக்டேருக்கு 80 கிலோ தழைச்சத்து, மணியும் சாம்பலும் 40, 40 என்பது பரிந்துரை. தழைச்சத்தில் பாதி அடியுரம்; மீதி சப்பை வைக்கிற 40, 45-ஆம் நாள். லேட்டா விதைச்சதை ஈடுகட்ட யூரியாவை அள்ளிப் போட்டா என்ன ஆகும்? செடி தளதளன்னு வளரும், தத்துப்பூச்சி விருந்துக்கு வரும், காய் குறையும். பார்க்க அழகா இருக்கிறதுதான் இதில் ஏமாத்து வேலை.

இதெல்லாம் பெரியப்பாவுக்குத் தெரியாதான்னு கேட்டேன். "தெரியும்டா தம்பி. ஆவணியில போடச் சொல்றாங்க. என் கிணத்துல ஐப்பசி மழைக்கு அப்புறம்தானே தண்ணி ஊறுது?" என்றார். போன வருஷம் அவர் விதைச்சது கார்த்திகையில்.